பழைய லாரிக்கு எந்தச் சைலன்சர்? புகை போகும் திசையில் இருப்பவரின் உரிமை



மார்க்கம் பேசும் இடத்தில் லாரியின் சைலன்சரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். தொழுகை, நோன்பு, ஜகாத், வாரிசுரிமை என்று பேசிப் பழகிய நமக்கு, பட்டறையில் நின்று தீர்மானிக்கும் ஓர் இரும்புக் குழாயில் ஹலால், ஹராம் பற்றிய கேள்வி இருக்கும் என்று தோன்றுவதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தின் பழைய லாரி ஓராண்டுக் காலம் உள்ளீடற்ற சைலன்சரோடு ஓடிய பிறகே அக்கேள்வி எங்கள் வாசலுக்கு வந்தது. எங்கள் தவற்றை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கருத்தைச் சொல்வதே முறை.

எங்களிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு பதிவான பத்துச் சக்கர லாரி. பி.எஸ்.3 வகையைச் சேர்ந்தது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து உப்பிட்ட பச்சைத் தோலை ஏற்றி வந்து ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் இறக்குவதே அதன் பிழைப்பு. உப்புத்தோல் ஏற்றும் வண்டிக்கு வரும் நோயை இந்தப் பகுதியினருக்கு விளக்க வேண்டியதில்லை. பலகை இடுக்குகளின் வழியே உப்புநீர் சொட்டும். அது சேசிஸின் மீதும் புகைக்குழாயின் மீதும் விழும். நாள்தோறும் சூடேறி ஆறும் இரும்பில் உப்புநீர் பட்டால் துரு விரைந்து தின்னும். மற்ற வண்டிகளில் பல்லாண்டு உழைக்கும் சைலன்சர் எங்கள் வண்டியில் சல்லடையாகிவிட்டது.

நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். அங்கே மூன்று வழிகளைச் சொன்னார்கள். ஒன்று, வண்டி தயாரித்த நிறுவனத்தின் அசல் சைலன்சர். இரண்டு, அதே அளவில் வெளியில் செய்து விற்கும் சைலன்சர். மூன்றாவது, பழைய கூட்டையே அறுத்துத் திறந்து, உள்ளிருக்கும் தகடுகளையும் துளைக்குழாய்களையும் எடுத்தெறிந்து, நேர்க்குழாய் ஒன்றை உள்ளே விட்டு, மேலே தகடு ஒட்டி வெல்டிங் செய்து மூடிவிடுவது.

“வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது பாய். இழுவை கூடும், டீசலும் மிஞ்சும். செலவும் குறைவு” என்றார் பட்டறைக்காரர்.

அந்த மாதம் வாடகைப் பணம் சரியாக வரவில்லை. மூன்றாவது வழியையே தேர்ந்தெடுத்தோம். வால்குழாய் நீளமாக வேண்டாம் என்று பாதியில் வெட்டி, இடப்பக்கமாகத் திருப்பியும் விட்டார்கள். அதையும் நாங்கள் கேள்வி கேட்கவில்லை.

லாரி நிற்பது எங்கள் தெருமுனையிலுள்ள காலியிடத்தில். பாரம் ஏற்றப் போகும் நாட்களில் ஃபஜ்ர் பாங்குக்கு முன்பே கிளம்பிவிடும். இன்ஜின் சூடேறும்வரை பத்து நிமிடம் நிற்கும். அந்தப் பத்து நிமிடம் தெரு முழுவதும் அதிரும். அடுத்த வீட்டில் வயது முதிர்ந்த இருவர் இருந்தனர். தெருவில் எல்லோருக்கும் அவர்கள் நானிமாவும் நானாவும்தான். நானாவுக்கு மூச்சுத் தொல்லை உண்டு. காற்று வேண்டும் என்று எப்போதும் முன் திண்ணையை ஒட்டிய அறையில்தான் படுப்பார்.

ஒரு நாள் மாலை நானிமா எங்களிடம், “பேட்டா, நாளைக்கு வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்?” என்று கேட்டார். ஊருக்கு ஏதோ பொருள் கொடுத்தனுப்பப் போகிறார் என்று எண்ணி நேரத்தைச் சொன்னோம். “சரி பேட்டா. அதுக்கு முன்னாடி உங்க நானாவை எழுப்பிப் பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அதான் கேட்டேன்” என்றார்.

அவர் முறையிடவில்லை. வண்டியை வேறிடத்தில் நிறுத்தச் சொல்லவில்லை. பல மாதங்களாக மூச்சு வாங்கும் மனிதரை இருளில் எழுப்பி, கைத்தாங்கலாகப் பின்கட்டுக்கு நடத்திச் சென்றிருக்கிறார். நாங்களோ நாள்தோறும் அவ்வீட்டைக் கடந்து, ஸலாம் சொல்லி, பள்ளிவாசலுக்குச் சென்று முன்வரிசையில் நின்றிருக்கிறோம்.

எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவராகமாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்ன செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஜும்ஆ உரைகளில் நாம் பலமுறை கேட்டதே இது. கேட்கும்போதெல்லாம் நம் மனத்தில் தோன்றும் தீய அண்டை வீட்டார், சண்டையிடுபவர், சுவரை நகர்த்திக் கட்டுபவர், குப்பை கொட்டுபவர். அதிகாலையில் லாரியைக் கிளப்புபவர் தோன்றுவதில்லை. அவர் பிழைப்புக்காகச் செல்கிறார் அல்லவா?

பிழைப்பு ஹலால்தான். அதில் ஐயமில்லை. ஆனால் ஹலாலான பிழைப்புக்குச் செல்லும் வழியில் பிறருக்குத் துன்பம் கொடுக்க அனுமதி உண்டா என்பதுதான் கேள்வி. பாதையில் அமர்பவர்கள் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபியவர்கள் பணித்தார்கள். அந்த உரிமை யாது எனக் கேட்கப்பட்டபோது அவர்கள் எண்ணிச் சொன்னவற்றுள் ஒன்று, பிறருக்குத் தொல்லை தராதிருத்தல். பாதையோரம் அமர்ந்திருப்பவருக்கே இந்தக் கட்டளை என்றால், பாதை முழுவதையும் நிறைத்துச் செல்லும் வாகனத்துக்கு எவ்வளவு பொருந்தும்! பச்சை வெங்காயமோ பூண்டோ தின்றவர் வாடையோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்றும் தடுத்தார்கள். வெங்காயம் ஹலால். பள்ளிவாசலுக்கு வருவதோ நற்செயல். இருந்தும் பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்கு அத்தனை மதிப்பளித்த மார்க்கம் இது. டீசல் புகைக்கு அது வேறு தீர்ப்புச் சொல்லும் என்று நாம் எண்ண முடியுமா?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் டீசல் இன்ஜின் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி எனக் கருதும் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் பிரிவும் அதுவே. வாடைக்கே விலக்கு உண்டென்றால் நஞ்சைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, பட்டறையில் சொல்லப்படும் காரணங்களைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பெரும்பாலோர் தீய எண்ணத்தால் சைலன்சரை வெறுமையாக்குவதில்லை. இழுவை கூடும், டீசல் மிஞ்சும் என்ற நம்பிக்கையால்தான் செய்கிறார்கள்.

சிலிண்டரில் எரிந்த வாயு, எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் பேரழுத்தத்தோடு அலை அலையாக வெளியேறுகிறது. அந்த அலைகளே ஒலியாகக் கேட்கின்றன. சைலன்சருக்குள் இருக்கும் துளைக்குழாய்களும் தடுப்புத் தகடுகளும் அறைகளும் அவ்வலைகளைத் திருப்பியடித்து, ஒன்றால் ஒன்றைத் தணிக்கின்றன. வாயு தடையின்றிச் செல்லவும் வேண்டும், ஒலி அடங்கவும் வேண்டும் என்று இரண்டையும் கணக்கிட்டே தயாரிப்பாளர் அதன் அளவை முடிவு செய்கிறார். அடைத்துப்போன சைலன்சர் இன்ஜினை மூச்சுத்திணற வைக்கும் என்பது உண்மை. அத்தகைய வண்டியில் எதை மாற்றினாலும் இழுவை கூடியதுபோல் தெரியும். அந்த நன்மை அடைப்பு நீங்கியதால் வருவது, வெறுங்கூட்டால் வருவதன்று. நல்ல நிலையிலுள்ள சைலன்சரைக் குடைந்து எடுப்பதால், டீசல் பம்பின் அளவு மாறாத ஒரு பழைய லாரிக்குச் சொல்லத்தக்க இலாபம் இல்லை. எங்கள் டீசல் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அந்த ஓராண்டில் கண்ட வேறுபாடு, பாரத்துக்கும் பாதைக்கும் ஏற்ப எப்போதும் ஏறி இறங்கும் அளவைத் தாண்டவில்லை. இரைச்சல் கூடியதை வலிமை கூடியதாக எண்ணிக்கொண்டோம், அவ்வளவுதான்.

கரும்புகை வருகிறது, ஆகவே சைலன்சரை மாற்றுகிறோம் என்பாரும் உண்டு. கரும்புகை என்பது டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காததன் அடையாளம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாய் கிழிந்திருக்கலாம். நாசில் தேய்ந்து சொட்டலாம். பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருக்கலாம். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கலாம். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். வெண்புகை நிற்காமல் வந்தால் எரியாத டீசலையோ, கூலன்ட் உள்ளே கசிவதையோ ஐயுற வேண்டும். இவற்றில் எதையும் சைலன்சர் குணப்படுத்தாது. எங்கள் வண்டியில் நானாவை இரும வைத்த கரும்புகைக்குக் காரணம் தேய்ந்த நாசில்கள். அதை முன்பே பார்த்திருந்தால் டீசலும் உண்மையிலேயே மிஞ்சியிருக்கும்.

ஓட்டுநரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெறுங்குழாயின் இரைச்சலை இரவு முழுவதும் காதில் வாங்குபவர் அவர். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலி அவருக்குக் கேட்பதில்லை. இணைப்புகளில் கசியும் புகை கேபினுக்குள் ஏறுகிறது. அதே கேபினில்தான் அவர் உறங்குகிறார். அவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இதை அனுமதிப்போமா?

நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. எல்லா மோட்டார் வாகனங்களிலும் இன்ஜின் ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆவது விதி. 112ஆவது விதியின்படி புகை கீழ்நோக்கியோ வண்டியின் இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது. காரணம் எளியது. நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் செல்கிறது. நடப்பவரும், கடையும், திண்ணையும் இடப்பக்கமே இருக்கின்றன. எங்கள் வண்டியின் வெட்டிய குழாய் நானாவின் அறையைப் பார்த்து நின்றது ஏன் என்று பின்னர்தான் புரிந்தது. 113ஆவது விதி, டீசல் செல்லும் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் இடையே குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது. இது தீ விபத்தைத் தடுக்க. எளிதில் தீப்பற்றும் சாயக் கரைப்பான்களையோ பசையையோ ஏற்றும் வண்டிக்குத் தீப்பொறித் தடுப்பானும் கட்டாயம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. இப்பிரிவின் வலிமையை உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பின், ஒலி மற்றும் காற்று மாசு வரம்பை மீறி வண்டியை ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த சைலன்சரை எடுத்துவிட்டு அதே அளவும் அதே பயனும் உள்ள ஒன்றைப் பொருத்துவது பழுதுபார்ப்பு. உள்ளீட்டை எடுத்தெறிவது மாற்றியமைப்பு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்றே வரம்பு வைத்துள்ளன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. எங்கள் லாரி உறுமிய நேரம் அதற்குள்தான் அடங்குகிறது.

ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி எழுதவில்லை. சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவ முடியும் என்பதை நாமெல்லோரும் அறிவோம். எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும். பி.எஸ்.3 வரையிலான வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்று வேண்டும். சோதனையில் இன்ஜினைச் சூடாக்கி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, குழாயில் கருவியைச் செருகிப் புகையின் அடர்த்தியை அளக்க வேண்டும். பி.எஸ்.4க்கு முந்திய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை அனுமதி; பி.எஸ்.4 வண்டிக்கு 50. இப்படி அளக்காமலே, வண்டியைக் கொண்டு செல்லாமலே, சான்று வாங்கித் தருவோரும் உண்டு. எஃப்சி நாளுக்கு மட்டும் நல்ல சைலன்சரை இரவல் வாங்கிப் பொருத்துவோரும் உண்டு.

இங்கேதான் எங்கள் மனத்தை மிகவும் உறுத்திய செய்தி வருகிறது. நபியவர்கள் கடைவீதியில் தானியக் குவியலொன்றைக் கடந்தபோது அதற்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று உரைத்தார்கள். முஸ்லிம் தொகுப்பில் உள்ள இச்செய்தியை வணிகருக்குரியதாகவே நாம் வாசித்து வந்தோம். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மேலே சைலன்சர், உள்ளே வெறுமை. “வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது” என்ற சொல்லைப் பட்டறையில் கேட்டபோது எங்களுக்கு அது நிம்மதியைத் தந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று வெட்கமாக இருக்கிறது. யாருக்கும் தெரியாது என்பதை ஒரு முஸ்லிம் எப்படி ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடிந்தது?

மற்றொரு மறுப்பும் நம் பகுதியில் உடனே எழும். தோல் தொழிற்சாலைகளின் கழிவோடு ஒப்பிட்டால் ஒரு லாரியின் புகை எம்மாத்திரம் என்பதே அது. இதற்கு நம் பாலாற்றங்கரையே பதில் சொல்லும். ஒவ்வொரு தொழிற்சாலையும் அன்று தன் பங்கைச் சிறிதென்றே எண்ணியது. நம் வாய்க்கால் ஒன்றால் ஆறு கெட்டுவிடுமா என்றே எல்லோரும் கேட்டோம். எல்லோருடைய சிறு பங்கும் சேர்ந்து ஆற்றையும் கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அறிவித்த தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதமும் விதிக்கப்பட்டது. சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுவதும் வேலூர் என்ற பெயரோடு இன்று வரை அதைப் படிக்கிறார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேல் கடந்து, 2025ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுப் பகுதிக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு பற்றித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது.

நீரில் கற்ற பாடத்தைக் காற்றில் மறக்கலாமா? கேடு வருமுன் காப்பதும், கெடுத்தவர் ஈடு செய்வதும் நமக்கு நீதிமன்றம் புதிதாகக் கற்றுத்தந்தவை அல்ல. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மதரஸாவில் சிறுவயதில் படித்ததை நாம் நீதிமன்றத்தில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆகவே, பழைய லாரி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம்.

அசல் சைலன்சர் வாங்க இயலுமானால் அதுவே மேல். இயலாவிட்டால் வெளியில் செய்தது தவறன்று; அசல் என்ற முத்திரையை மார்க்கமும் கேட்கவில்லை. ஆனால் அது உண்மையான சைலன்சராக இருக்க வேண்டும். கையில் தூக்கிப் பாருங்கள். உள்ளறைகளும் குழாய்களும் இருந்தால் எடை சொல்லிவிடும். அசலின் நீளம், சுற்றளவு, நுழைவாய், வெளிவாய் ஆகியவற்றோடு அளந்து பாருங்கள். குழாயின் விட்டம் குறைந்தால் இன்ஜின் திணறும். உப்புத்தோல் ஏற்றும் வண்டிக்கு வெறும் இரும்புத் தகட்டைவிட அலுமினியப் பூச்சுள்ள தகடோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ நெடுநாள் உழைக்கும்; முதலில் கூடுதலாகக் கொடுத்தாலும் இரண்டாம் முறை வாங்கும் செலவு மிஞ்சும். வெல்டிங் புள்ளி புள்ளியாக இன்றிச் சுற்றிலும் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். இன்ஜினின் அதிர்வைத் தாங்கும் பெல்லோஸ் கிழிந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள்; இல்லாவிடில் புதுக்குழாயும் விரைவில் வெடிக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் அதன் தட்டு சரியாக மூடித் திறக்கிறதா என்று பாருங்கள். பேர்ணாம்பட்டு மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும்போது அதன் அருமை தெரியும். வால்குழாயை வெட்டாமல் அதன் முழு நீளத்துக்கும் விடுங்கள். வாய் பின்புறமோ வலப்புறமோ இருக்கட்டும். உப்புநீர் சைலன்சரின் மேல் சொட்டாதபடி பலகைக்கு அடியில் ஒரு தகடு அடித்து, நீரை ஓரமாக வடியவிடுங்கள்.

2017க்குப் பின் வந்த பி.எஸ்.4 வண்டிகளில் பல யூரியாக் கரைசலைக் கொண்டு புகையின் நச்சைக் குறைப்பவை. அவ்வண்டிகளில் சைலன்சர்போல் தெரியும் பெட்டிக்குள்ளேயே நச்சுநீக்கி இருக்கும். அதைக் குடைந்தெறிந்து, கரைசல் செலவை மிச்சம் பிடிக்கப் பொய்ச் சமிக்ஞை தரும் கருவியைப் பொருத்துவது, எங்கள் பழைய வண்டியில் நாங்கள் செய்ததைவிடப் பெரிய தவறு. அங்கே இழப்பது அமைதியை மட்டுமன்று. ஊரார் சுவாசிக்கும் காற்றிலேயே நேரடியாக நஞ்சைக் கூட்டுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, புகை எங்கிருந்து வருகிறது என்று நம்பத்தக்க மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எல்லாம் முடிந்த பின் புகைச் சோதனையை நேரில் நின்று செய்து, அளவைக் கண்ணால் பாருங்கள். அந்தச் சான்று ஆர்டிஓவுக்குக் கொடுக்கும் தாள் மட்டுமன்று. தெருவினருக்கு நாம் கொடுக்கும் சாட்சியம்.

இந்தப் பொறுப்பை லாரிக்காரரின் தலையில் மட்டும் ஏற்றிவிடுவது நீதியாகாது. வாடகை கட்டுப்படியாகாமல், டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் சுங்கத்துக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்துபவர் அவர். அவர் ஏற்றும் தோல் யாருடையது? வெளிநாட்டு வணிகர்களுக்காக லெதர் வொர்க்கிங் குரூப் போன்ற அமைப்புகளின் தணிக்கைக்கு நம் தொழிற்சாலைகள் ஆயத்தமாகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தைப் பெருமையோடு காட்டுகிறோம். அதே தொழிற்சாலையின் வாயிலில் கரும்புகை கக்கி நிற்கும் லாரியை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வாடகையைக் குறைத்துப் பேசும்போது, அந்தக் குறைவு எங்கே ஈடுகட்டப்படுகிறது என்று முதலாளிகள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். பல வேளைகளில் அது யாரோ ஒரு முதியவரின் மூச்சிலிருந்து ஈடுகட்டப்படுகிறது.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. சிறு உரிமையாளர் ஒருவர் வட்டிக்கு ஓடாமல் சைலன்சரையும் நாசிலையும் சரிசெய்துகொள்ள, பைத்துல்மாலிலிருந்து அழகிய கடன் கொடுக்கலாம். இது பெருந்தொகை கேட்கும் திட்டமன்று. மஹல்லாவுக்குள் விடியலுக்கு முன் வண்டியைச் சூடாக்குவதில்லை என்று உரிமையாளர்கள் கூடி ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம். இமாம்கள் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசலாம். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குக் குரலைத் தாழ்த்தும்படி அறிவுறுத்தியதைக் குர்ஆன் நமக்கு எடுத்துச் சொல்கிறது. நம் நாவின் ஒலிக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் நம் வண்டியின் ஒலிக்கும் நாமே பொறுப்பு.

எங்கள் வண்டிக்கு இப்போது வெளியில் செய்த நல்ல சைலன்சர் ஒன்றைப் பொருத்திவிட்டோம். நாசில்களை மாற்றினோம். வண்டி நெடுஞ்சாலையை ஒட்டிய இடத்தில் நிற்கிறது. ஓட்டுநர் அங்கிருந்தே கிளம்புகிறார். செலவைக் கணக்கிட்டால், ஓராண்டுக்கு முன்பே செய்திருக்க முடியாத அளவுக்குப் பெரிதன்று.

ஆனால் பட்டறையிலிருந்து வண்டி வருவதற்குப் பதினோரு நாட்களுக்கு முன் நானா வஃபாத்தாகிவிட்டார். அவருக்கு நெடுநாளைய நோய் இருந்தது, முதுமையும் இருந்தது. எங்கள் புகைதான் காரணம் என்று சொல்லும் அறிவு எங்களுக்கு இல்லை. காரணமன்று என்று சொல்லும் துணிவும் இல்லை. அல்லாஹ்வுக்குச் செய்த குறைகளுக்கு அவனிடம் அழுது தவ்பா செய்யலாம். அடியாருக்குச் செய்த குறையை அந்த அடியார்தான் மன்னிக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறது. நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய மனிதரின் ஜனாஸாவைச் சுமந்து சென்றோம். நானிமாவிடம் கேட்டோம். “உங்களுக்குத் தெரியாதுதானே பேட்டா” என்றார். அவர் சொன்னது முழு உண்மையன்று. வெளியே பார்த்தால் தெரியாது என்பதற்காகவே நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

உங்கள் தெருவில் திண்ணையோரம் படுத்திருக்கும் முதியவர் இன்னும் உயிரோடு இருக்கலாம். அவர் உங்களிடம் எதுவும் சொல்லாமலும் இருக்கலாம். இந்த வாரமே வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள்.

நம் உழைப்பை ஹலாலாகவும், நம் கையாலும் நாவாலும் வாகனத்தாலும் பிறருக்குத் தீங்கு நேராததாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. நானாவின் கப்ரை ஒளியும் விசாலமும் கொண்டதாக ஆக்குவானாக. ஆமீன்.